சேம அச்சு

நுழையும் முன்

பணிக்காகவும் பிழைப்புக்காகவும் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் வளரும் பிள்ளைகள், "உன் ஊர் எது?" என்ற கேள்விக்கு விடை சொல்லத் தயங்குவதுண்டு. அத்தகைய ஒரு மாணவி தன் குடும்பத்துடன் மல்லேஸ்வரத்தில் கழித்த ஒருநாள் நிகழ்வை, வளர்ந்த பிறகு நினைவுகூர்ந்து எழுதிய கட்டுரை இது. படித்துப் பார்ப்போம்.

*

நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஆண்டு, தசரா விடுமுறையில் எங்கள் குடும்பம் ஒரு வீட்டில் ஏறித் தஞ்சாவூருக்குப் புறப்பட்டது. வீட்டில் ஏறி என்று எழுதியது பிழையன்று. அப்பா வாடகைக்கு எடுத்திருந்த கேரவன் வண்டியில் படுக்கை இருந்தது. சிறிய சமையல்மேடை இருந்தது. தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் இருந்தன. பகலில் இருக்கையாக இருப்பது இரவில் கட்டிலாக விரியும். நாகபுரியில் எங்கள் குடியிருப்பின் வாசலில் அது வந்து நின்றபோது, தம்பி அதனைச் சுற்றி மூன்றுமுறை ஓடினான்.

அப்பா மத்திய அரசுப் பணியாளர். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அவருக்கு மாற்றலாணை வரும். நான் பிறந்தது விசாகப்பட்டினத்தில். பள்ளியில் சேர்ந்தது போபாலில். அப்போது படித்துக்கொண்டிருந்தது நாகபுரியில். "உன் ஊர் எது?" என்று யாரேனும் கேட்டால் தஞ்சாவூர் என்பேன். அந்தத் தஞ்சாவூரில் நான் தங்கியிருந்த நாள்களை எல்லாம் கூட்டினாலும் ஐம்பதைத் தாண்டாது.

தஞ்சாவூரில் இருந்தவர் பாட்டி, என் அப்பாவின் தாயார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசும்போது தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "தமிழ் படிக்கிறாயா, கண்ணு?" நானும் தவறாமல், "படிக்கிறேன், பாட்டி" என்பேன். அது பொய். எனக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அம்மா வாங்கித் தந்த அரிச்சுவடியில் முதல் சில பக்கங்களுக்கு மேல் நான் புரட்டியதே இல்லை. தசராவுக்கு ஒரு வாரம் முன்பு பாட்டி நாகபுரிக்கு வந்தபோதும், தேர்வு இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவரைத் தஞ்சாவூரில் கொண்டுபோய் விடுவதற்காகவே இந்தப் பயணம்.

கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரை என மூன்று பேராறுகளைக் கடந்து வண்டி தெற்கே ஓடியது. ஒவ்வொரு காலையிலும் புறப்படுமுன் அப்பா குனிந்து மாற்றுச் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார். அதனைக் கண்ட பாட்டி ஒருநாள் சிரித்தார்.

"நீ செய்வது புதிதில்லை. அந்தக் காலத்து உமணர்களும் இதையே செய்தார்கள்" என்றார்.

"உமணர் என்றால் யார், பாட்டி?" என்று கேட்டான் தம்பி.

பாட்டி விளக்கினார். கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டுவண்டிகளில் ஏற்றி, மனைவி மக்களோடு ஊர் ஊராகச் சென்று விற்றவர்கள் உமணர்கள். வண்டியே அவர்களுக்கு வீடு. சிறுபாணாற்றுப்படையில், உமணர்களின் பிள்ளைகளோடு அவர்கள் வளர்க்கும் குரங்கும் சேர்ந்து விளையாடும் காட்சி வருகிறது. மேடு பள்ளங்களில் ஏறி இறங்கும்போது வண்டியின் அச்சு முறிந்துவிடலாம். ஆகவே இன்னோர் அச்சினை வண்டியின் கீழே கட்டி வைத்திருப்பார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். துணை நிற்கும் ஒரு தலைவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டு ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. வணிகர்கள் கூட்டமாகச் செல்வதைச் சாத்து என்றனர். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது.

"என் அப்பாவுக்கும் அச்சோடுதான் வேலை. ஆனால் அது வேறு அச்சு. அவர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்" என்று பாட்டி முடித்தார்.

தம்பிக்கு அச்சைவிடக் குரங்கில்தான் ஆர்வம். "நாமும் ஒரு குரங்கை அழைத்துப் போகலாமா?" என்று கேட்டான். "ஏற்கெனவே ஒன்றை அழைத்துக்கொண்டுதானே போகிறோம்" என்றார் அம்மா.

மூன்றாம் நாள் இரவு பெங்களூரை அடைந்தோம். நகரின் வடமேற்கில் உள்ள பீனியா தொழிற்பேட்டையில், அப்பாவுடைய நண்பரின் பட்டறை வளாகத்தில் வண்டியை நிறுத்தினோம். மறுநாள் முழுவதும் மல்லேஸ்வரத்தைச் சுற்றிப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. அது பாட்டியின் விருப்பம். சிறுமியாக இருந்தபோது அவர் அங்கே வாழ்ந்தவர் என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

அங்குள்ள தெருக்களில் மரக்கிளைகள் தாழ்ந்திருக்கும் என்பதால், வண்டியை விட்டுவிட்டு மெட்ரோ தொடர்வண்டியில் சென்றோம். தூண்களின்மேல் ஓடும் பாதையாதலால் நகரம் எங்கள் காலடியில் விரிந்து கிடந்தது. சந்தன சோப்புத் தொழிற்சாலையின் பெயரிலேயே ஒரு நிலையம் இருந்தது. இராஜாஜிநகர் என்று அறிவிப்பு ஒலித்தபோது பாட்டி நிமிர்ந்து அமர்ந்தார். சுதந்திர இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த இராஜாஜி, இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர் என்றார்.

சம்பிகே சாலை நிலையத்தில் இறங்கினோம். சம்பிகே என்பது கன்னடத்தில் செண்பகம். அதற்கு இணையாகச் செல்லும் இன்னொரு பெரிய சாலையின் பெயர் மார்கோசா சாலை. மார்கோசா என்றால் வேம்பு. மரங்களின் பெயர்களைச் சாலைகளுக்குச் சூட்டியவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மார்கோசா சாலையில் சி.டி.ஆர். என்னும் பழைய சிற்றுண்டிக் கடையின் வாசலில் பெரிய கூட்டம் நின்றது. முக்கால் மணிநேரம் காத்திருந்து உள்ளே சென்றோம். வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் இருந்த வெண்ணெய் மசால் தோசை வந்தது. யாரும் பேசவில்லை. தம்பி கடைசித் துண்டை என் தட்டிலிருந்து எடுத்ததைக்கூட நான் தடுக்கவில்லை.

பிறகு நடந்தோம். தெருக்கள் கோடு போட்டாற்போல நேராக இருந்தன. ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிச் செல்லும் தெருக்களுக்குப் பெயர்களைவிட எண்களே மிகுதி: ஏழாவது கிராஸ், எட்டாவது கிராஸ் என்று எண்ணிக்கொண்டே போகலாம். இந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது என்றார் அப்பா. 1898-ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. பழைய பேட்டைப் பகுதியின் நெருக்கமான தெருக்களில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தனர். அதன் பின்னரே, காற்றும் வெளிச்சமும் தாராளமாகப் புகும்படி அகன்ற தெருக்களோடு மல்லேஸ்வரமும் பசவனகுடியும் திட்டமிட்டு அமைக்கப்பட்டன. வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் துப்புரவுக்கென்றே சந்துகள் விடப்பட்டன.

"அப்படியானால் இங்கே முதலில் வந்தவர்கள் எல்லாரும் வேறிடத்திலிருந்து குடிவந்தவர்களா?" என்று கேட்டேன்.

"ஆமாம்" என்றார் அப்பா. "இந்தப் பகுதிக்குப் பெயர் தந்த கோயில் மட்டும் அவர்களுக்கு முன்பே இங்கு இருந்தது."

அந்தக் கோயில்தான் காடு மல்லேஸ்வரர் கோயில். காடு என்ற சொல்லுக்குக் கன்னடத்திலும் காடு என்றே பொருள். ஒரு காலத்தில் மல்லபுரம் என்ற சிற்றூரில், மரங்களுக்கு நடுவே இருந்த கோயில் இது. மல்லபுரத்து மல்லிகார்சுனருக்கு ஏகோஜி என்னும் மராட்டியத் தலைவர் ஒரு கிராமத்தையே கொடையாக அளித்ததை 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. ஏகோஜி, சத்ரபதி சிவாஜியின் தம்பி. இருவருக்கும் தந்தை ஒருவர், தாயர் வேறு. கொடை அளித்த சில ஆண்டுகளில் அவர் தெற்கே சென்று தஞ்சாவூரைக் கைப்பற்றினார். அங்கே மராட்டியர் ஆட்சி அவரிலிருந்து தொடங்குகிறது.

"நம்மைப் போலவே அவரும் இங்கே தங்கிவிட்டுத் தஞ்சாவூருக்குப் போயிருக்கிறார்" என்று தம்பி கண்டுபிடித்தான். எல்லாரும் சிரித்தோம்.

கோயிலுக்கு எதிரே இன்னொரு சிறிய கோயில், தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிச் செல்லும்படி இருந்தது. நந்தி தீர்த்தம் என்று பெயர். கல்லால் ஆன நந்தியின் வாயிலிருந்து நீர் ஒழுகி, கீழே உள்ள லிங்கத்தின்மேல் விழுந்து, குளத்தில் சேர்கிறது. நெடுங்காலம் இந்த இடம் மண்ணால் மூடிக்கிடந்ததாம். மேலே வெறும் மனைநிலம்தான் தெரிந்திருக்கிறது. 1997-இல் தோண்டியபோது நந்தியும் குளமும் வெளிப்பட்டன. நான் கையை நீட்டினேன். நீர் குளிர்ந்திருந்தது.

படியேறி வெளியே வந்ததும் பாட்டி கைப்பையைத் திறந்தார். துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பழைய தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"என் அப்பா எனக்கு எழுதிய கடிதம். நான் தஞ்சாவூரில் தாத்தா வீட்டில் இருந்தேன். அப்பா இங்கே வேறு வீட்டுக்குக் குடிமாறியிருந்தார். விடுமுறைக்கு மாமாவோடு வரும்போது, இந்தக் கோயில் வாசலிலிருந்து புது வீட்டுக்கு எப்படி வர வேண்டும் என்று எழுதியிருக்கிறார். எனக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது. நீ படி, கண்ணு. நாம் நடப்போம்."

தாளை வாங்கிக்கொண்டேன். எழுத்துகள் அச்சடித்தாற்போலத் தனித்தனியாக, பெரிதாக இருந்தன. அவற்றுள் நாலைந்தை மட்டுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. முதல் எழுத்து 'அ'. அதற்கு மேல் போக முடியவில்லை. கோயிலுக்கு வருபவர்கள் எங்களைக் கடந்து சென்றுகொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

"கொடுங்கள் அத்தை, நான் படிக்கிறேன்" என்று அம்மா கையை நீட்டினார்.

"வேண்டாம் அம்மா. அவளிடமே இருக்கட்டும்" என்றார் பாட்டி. படிக்கத் தெரியும் என்று சொன்னாயே என்று அவர் கேட்கவில்லை. ஒரு நொடி கண்களை மூடினார். பிறகு, தாளைப் பார்க்காமலேயே சொல்லத் தொடங்கினார். கோயிலுக்கு முதுகைக் காட்டி நில். இரண்டு தெருக்களைத் தாண்டு. வேம்பு நிற்கும் முனையில் திரும்பு. ஓட்டு வீடுகளை எண்ணிக்கொண்டே வா. ஐந்தாவது வீட்டின் பின்னால் ஒரு சந்து இருக்கும். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. கடிதம் முழுவதும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

"கடைசி வரி ஒன்று இருக்கிறது. அதை நீ படித்துக்கொள்" என்று நிறுத்திக்கொண்டார்.

பாட்டி முன்னே நடந்தார், நாங்கள் பின்தொடர்ந்தோம். கடிதம் என் கையில் கனத்தது. திரும்ப வேண்டிய முனையில் ஒரு வேப்பமரம் நின்றது. பாட்டி அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். "அதே மரமா என்று தெரியவில்லை. இருந்தாலும் வேம்பு வேம்புதான்" என்றார். ஓட்டு வீடுகள் எவையும் அங்கே இல்லை. ஐந்தாவது வீடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு மாடி அடுக்ககம் ஒன்று எழுந்திருந்தது. பின்னால் இருந்த சந்து மட்டும் அப்படியே இருந்தது.

பாட்டி அழுவாரோ என்று அஞ்சினேன். அவர் வாயிற்கதவின் முன் பேசாமல் நின்றார். அப்போது தரைத்தளத்தில் செடிகளுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவர், யாரைத் தேடுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். அப்பா ஆங்கிலத்தில் விடை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பாட்டி பேசிவிட்டார்.

கன்னடத்தில் பேசினார். முதலில் ஒரு சொல், சிறிது தயங்கி இன்னொரு சொல், பிறகு வாக்கியங்கள். அந்த அம்மையார் வியப்போடு ஏதோ கேட்க, பாட்டி சிரித்துக்கொண்டே விடை கூறினார். அப்பா தம் தாயாரையே பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டி கன்னடம் பேசி அவரும் கேட்டதில்லை.

அந்த அம்மையார் எங்களை உள்ளே அழைத்துச் சென்றார். நவராத்திரி நாள்களாதலால் கூடத்தில் கொலு வைத்திருந்தார். மேற்படியில், மரத்தில் செதுக்கிய அரசனும் அரசியுமாகப் பட்டத்துப் பொம்மைகள் நின்றன. திருமணமாகிச் செல்லும் மகளுக்குத் தாய் வீட்டில் அந்த இணையைக் கொடுத்து அனுப்புவது இப்பகுதி வழக்கம் என்று பாட்டி எங்களுக்கு மொழிபெயர்த்தார். சிறு கிண்ணங்களில் பயற்றம்பருப்பும் வெள்ளரிக்காயும் தேங்காயும் கலந்த கோசம்பரி வந்தது. நம் வீடுகளில் கோசுமல்லி என்கிறோமே, அதுதான். அந்த அம்மையார் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தபோது ஓட்டு வீடுகளில் ஒன்றிரண்டு எஞ்சியிருந்தனவாம். தம் வீடு இருந்த இடத்தில், வேறொருவர் வீட்டு நாற்காலியில் அமர்ந்து, பாட்டி கோசம்பரியை மெல்ல மெல்ல உண்டார்.

அறுபது ஆண்டுகளாகப் பேசாத மொழி எங்கே இருந்தது? எனக்கு நந்தி தீர்த்தம் நினைவுக்கு வந்தது. மண்ணை அகற்றியதும் உள்ளே நீர் இருந்தது, இருந்ததனால் வந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து என்னைத் தோண்டினால் என்ன கிடைக்கும்?

மாலையில் சாங்கி ஏரிக்குச் சென்றோம். செல்லும் வழியில் பஞ்சவடி என்னும் இல்லத்தைப் பற்றி அப்பா சொன்னார். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருக்கு வந்தார். மல்லேஸ்வரத்தில் உள்ள பஞ்சவடி அவருடைய இல்லம். ஏரிக்கு அருகில், வயலின் வடிவத்திலேயே கட்டப்பட்ட சௌடையா நினைவு மண்டபத்தையும் கண்டோம். ஏழு தந்திகள் கொண்ட வயலினை வாசித்த இசைமேதை சௌடையாவின் நினைவாக 1980-இல் அமைக்கப்பட்ட மண்டபம் அது. தம்பி அதன் நரம்புகளை எண்ணத் தொடங்கினான்.

சாங்கி ஏரி 1882-இல் நகரின் குடிநீர்த் தேவைக்காக வெட்டப்பட்டது. சென்னைப் படைப்பிரிவின் பொறியாளரான கர்னல் சாங்கி அதனை அமைத்தார். கரையிலிருந்த கல் இருக்கையில் பாட்டியும் நானும் அமர்ந்தோம். மற்றவர்கள் முன்னே நடந்துவிட்டார்கள்.

"பாட்டி, நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உன் பிறந்தநாளுக்கெல்லாம் கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் நீ பதில் எழுதவில்லையே."

அந்தக் கடிதங்கள் நாகபுரியில் என் மேசை இழுப்பறையில் இருந்தன. அவற்றின் ஓரங்களில் பாட்டி வரைந்திருந்த பூக்களை மட்டுமே நான் பார்த்திருந்தேன். அதனைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. பாட்டி என் கையைப் பற்றிக்கொண்டார்.

"ஒன்பது வயதுவரை எனக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. நான் இங்கே கன்னடப் பள்ளியில் படித்தேன். தமிழ் எழுத்துக் கோப்பவரின் மகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியவில்லையே என்று அப்பாவுக்கு வருத்தம். அதனால்தான் தஞ்சாவூருக்கு அனுப்பினார். எழுத்து எங்கும் ஓடிப்போகாது, கண்ணு. நீ மெதுவாகவே வா."

திரும்பும் வழியில் எட்டாவது கிராஸ் கடைத்தெருவில் நுழைந்தோம். மறுநாள் ஆயுதபூசை. செவ்வந்திப் பூக்கள் குன்றுகளாகக் குவிந்திருந்தன. வாழைக்கன்றுகளும் பூசணிக்காய்களும் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தன. பாட்டி இப்போது கன்னடத்திலேயே விலை பேசினார். இடையிடையே எங்களுக்குப் பாடமும் நடத்தினார். "தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் பல இடங்களில் ஹகரமாக மாறும். பால் என்பது ஹாலு, பூ என்பது ஹூவு, புலி என்பது ஹுலி, பத்து என்பது ஹத்து" என்றார். தம்பி உடனே பூக்காரரிடம் பத்து விரல்களையும் விரித்து, "ஹத்து!" என்று கூவினான். அவர் சிரித்துக்கொண்டே அவன் கையில் ஒரு பூவைக் கொடுத்தார். அப்பா எங்கள் நடமாடும் வீட்டுக்கென்று பெரிய மாலை ஒன்றை வாங்கினார்.

அன்றிரவு பீனியாவில், வண்டிக்குள் எல்லாரும் படுத்த பிறகு, பாட்டி சமையல்மேடையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். அதில் அரிசியைப் பரப்பினார். குழந்தைகளுக்கு முதல் எழுத்தை விஜயதசமியன்று கற்பிப்பது வழக்கம். அதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பாட்டி காத்திருக்கவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு, கடிதத்தின் முதல் சொல்லை அரிசியில் எழுதவைத்தார். முதல் எழுத்து எனக்கு முன்பே தெரிந்திருந்தது. 'ன்', 'பு', 'ள்', 'ள' ஆகியவற்றை அன்றிரவு கற்றுக்கொண்டேன். 'அன்புள்ள' என்று முழுச்சொல்லும் வந்தபோது, தட்டை அசைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாளைக்கு வேண்டும்" என்று சொல்லி இன்னும் மூன்று எழுத்துகளை எழுதிக் காட்டினார். எதற்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் மாலையணிந்த வண்டியில் தெற்கே புறப்பட்டோம். ஒரு மணிநேரத்துக்குப் பின் சாலையோரப் பலகைகளின் எழுத்து மாறியது. நான் சன்னலோடு ஒட்டிக்கொண்டேன். எதிரே வந்த பேருந்தின் நெற்றியில் மூன்று எழுத்துகள் இருந்தன. "ஓ... சூ... ர். ஓசூர்!" என்று கத்தினேன். பாட்டி கண்களை மூடியபடியே தலையசைத்தார்.

அந்தக் கடிதத்தை நாகபுரிக்குக் கொண்டுவந்தேன். நாள்தோறும் ஒரு வரி, சில நாள்களில் அரை வரி என்று படித்தேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் கடைசி வரிக்கு வந்து சேர்ந்தேன். ஒன்பது வயதில் தமிழ் கற்றுக்கொண்டிருந்த தம் மகளுக்கு அந்த அச்சுக்கோப்பாளர் இப்படி எழுதியிருந்தார்:

"மாமாவிடம் வழி கேட்காதே. நீயே படித்து அவரை அழைத்து வா. வேம்பின் அடியில் நான் நின்றுகொண்டிருப்பேன். ஆனால் கூப்பிட மாட்டேன்."

அன்று மாலையே பாட்டிக்கு என் முதல் கடிதத்தை எழுதினேன். நான்கு வரிகள், ஆறு பிழைகள். பாட்டி அவற்றைத் திருத்தி அனுப்பினார்.

அதன் பிறகு அப்பாவுக்கு இரண்டு முறை மாற்றலாணை வந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டுப் பொருள்களைக் கட்டும்போது சில விடுபட்டுப்போகும், சில உடைந்துபோகும். பாட்டியின் கடிதக்கட்டினை மட்டும் நான் என் கைப்பையில் வைத்துக்கொள்வேன்.

*

சொற்பொருள்

சேம அச்சு – வண்டியின் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காகப் பாதுகாப்பாகக் கட்டி வைக்கும் அச்சு
உமணர் – உப்பு வணிகர்
சாத்து – வணிகர் கூட்டம்
மாற்றலாணை – பணியிட மாற்றத்துக்கான ஆணை
அச்சுக்கோப்பாளர் – அச்சகத்தில் எழுத்துகளை அடுக்கிச் சொற்களாக அமைப்பவர்
முனை – தெரு திரும்பும் இடம்

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. உமணர்கள் தம் வண்டியில் சேம அச்சினை ஏன் கட்டி வைத்திருந்தனர்?
2. மல்லேஸ்வரம் திட்டமிட்டு அமைக்கப்பட்டதற்குக் காரணம் யாது?
3. ஏகோஜிக்கும் தஞ்சாவூருக்கும் உள்ள தொடர்பு என்ன?
4. வேப்பமரத்தைத் தொட்டுப் பாட்டி கூறியது யாது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை தருக.

1. நந்தி தீர்த்தத்தையும் பாட்டி கன்னடம் பேசியதையும் கட்டுரையாளர் எவ்வாறு தொடர்புபடுத்துகிறார்?
2. கடிதத்தைப் படிக்குமாறு அம்மாவிடம் பாட்டி கொடுக்காதது ஏன்? கடிதத்தின் கடைசி வரியைக் கொண்டு விளக்குக.
3. கட்டுரைக்குச் 'சேம அச்சு' என்ற தலைப்பு பொருந்துமா? உம் கருத்தை எழுதுக.

இ. மொழிப்பயிற்சி

1. அச்சு என்னும் சொல் இப்பாடத்தில் இரு பொருள்களில் வருகிறது. அவ்விரு பொருளும் விளங்கத் தனித்தனித் தொடர் அமைக்க.
2. பாடத்தில் வரும் தமிழ், கன்னடச் சொல் இணைகளைப் பட்டியலிடுக. நீவிர் வாழும் பகுதியின் மொழியில் தமிழோடு ஒத்த சொற்கள் இருப்பின் அவற்றையும் சேர்க்க.

ஈ. செய்து பார்ப்போம்

உம் தாத்தா, பாட்டி அல்லது உறவினர் ஒருவருக்கு, உம் வீட்டுக்கு வரும் வழியை விளக்கித் தமிழில் ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் அனுப்புக.